சோதிக்காத கன்றுக்கு ஒரு கையெழுத்து

ஜெனி,

வியாழக்கிழமை மத்தியானம் நீ கதைத்துக்கொண்டிருக்கும்போதே போன் நின்றது. லைன் போய்விட்டதென்று நினைத்து மூன்று முறை திரும்ப எடுத்தாய். லைன் போகவில்லை, மகள். நான்தான் வைத்தேன். இன்னும் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிற பிள்ளையை ஏச வேண்டாம் என்று உன் அப்பா பக்கத்தில் நின்று கையைக் காட்டினார். எழுதினால் கோபம் குறையும் என்றும் அவர்தான் சொன்னார். மூன்று நாளாக எழுதுகிறேன், குறைகிற மாதிரித் தெரியவில்லை. கடலில் வலை விடுகிற மனுசனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்?

நீ சொன்னதை உனக்கே ஒருமுறை எழுதிக் காட்டுகிறேன். முதலில், "சாரி பிளவுஸ் தைக்கக் குடுத்தாச்சாம்மா?" என்று கேட்டாய். ஓம் என்றேன். பிறகு அதே மூச்சில் அடுத்ததைச் சொன்னாய். உன் மனேஜர் மேசையில் ஒரு தாள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போத்தலில் வளர்ந்த ஓர்க்கிட் கன்றுகள் ஒரு தொகுதி அடுத்த கிழமைக்குள் வெளியே போக வேண்டும். சோதனைப் பட்டிகள் கப்பலில் வருகிறதாம், வந்து சேரவில்லையாம். தாளில் "வைரஸ் சோதனை செய்யப்பட்டது, வைரஸ் அற்றது" என்று அச்சடித்திருக்கிறது. அதற்குக் கீழே உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. "எல்லா இடத்திலயும் இப்பிடித்தானாம்மா. ஒரு கையெழுத்துத்தானே. இப்ப சண்டை பிடிச்சு வேலை போனா கல்யாண நேரத்தில கரைச்சல். என்ன செய்யட்டும்?" என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் போனை வைத்தேன்.

ஒரு கையெழுத்துத்தானே! உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனேஜர் சொன்னால் விளங்கும். அவர் பூவைப் பெட்டியாகப் பார்க்கிறவர். நீ அப்படி இல்லை. இப்படி ஒரு கையெழுத்தின் மறுமுனையில் நின்ற பொம்பிளையின் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நீ. அவளுடைய சோற்றைத் தின்று படித்தவள். அந்தப் பொம்பிளை நான்தான், மறந்துபோனாயா?

அப்போது நீ ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். அப்பாவின் போட் எஞ்சின் பழுதாகிக் கரையில் கிடந்தது. கற்பிட்டி றோட்டில் நம் வீட்டுக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே நிழல் வலை கட்டி, சட்டியில் தேங்காய்ப் பொச்சுத் துண்டு போட்டு, ஊதா நிற டென்ட்ரோபியம் ஓர்க்கிட் வளர்த்தால் சிலாபத்துப் பூக்கடைகள் வாங்கும் என்று பெண்கள் சங்கத்தில் சொன்னார்கள். ஒரு கம்பனிக்காரர் வேனில் கன்று கொண்டுவந்தார். நீ இப்போது வேலை செய்கிற கம்பனி இல்லை, வேறு ஒன்று. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெள்ளை அட்டை தொங்கியது. நீதான் வாசித்துச் சொன்னாய்: "வைரஸ் சோதிச்சதாம்மா, நோய் இல்லையாம்." கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. எனக்கு அன்று வைரஸ் என்றால் காய்ச்சல் என்றுதான் தெரியும். செடிக்கும் காய்ச்சல் வருமா என்று நான் கேட்க, நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். ஆனால் அந்த அட்டையை நான் எறியவில்லை. அலுமாரியில் உன் ஞானஸ்நானச் சான்றிதழ் வைத்திருந்த கோப்புக்குள்ளேயே வைத்தேன். பாதர் கையெழுத்துப் போட்டால் அதை யாராவது சந்தேகிப்பார்களா? படித்த ஒருத்தர் செடியைப் பார்த்து, சோதித்து, தன் பெயரை எழுதியிருக்கிறார் என்று நம்பினேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்று நீ நினைக்கலாம். இப்போதும் கன்று வாங்குகிற ஒவ்வொரு பொம்பிளையும் அப்படித்தான் நம்புகிறாள். நம்பாமல் அவள் வேறு என்ன செய்வாள்? பட்டியும் இல்லை, நுணுக்குக்காட்டியும் இல்லை. அவளிடம் இருப்பது உங்களுடைய அட்டை மட்டும்தான்.

இரண்டாம் வருடம் பூவில் கோடு விழுந்தது. ஊதா இதழில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். நான் பயப்படவில்லை, பெருமைப்பட்டேன். சிலாபத்துக் கடைக்காரர், "இது புது ரகமா அக்கா? இன்னும் இருந்தா கொண்டாங்க" என்றார். கோயில் திருநாளுக்குக் கோடு விழுந்த பூவைத்தான் மாதாவின் காலடியில் வைக்கக் கேட்டார்கள். நோயை அழகென்று சொல்லி வாங்கினார்கள், நானும் நோயை அழகென்று விற்றேன். பிறகு கோடு மண்ணிறமாக மாறியது. பூ சிறுத்தது. கொத்துக்குப் பத்துப் பூ வந்த செடியில் நாலு வந்தது. இலையில் மஞ்சள் தீற்றல்கள். அப்போதுதான் அந்த விவசாய உத்தியோகத்தர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? வலைக்குள் வரக்கூட இல்லை. வாசலில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "லுணு ஹுளங், அம்மா" என்று சிங்களத்தில் சொன்னார். உப்புக் காற்றாம். "உரத்தக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க, சரிவரும்." ஒரு இலையைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடலோரத்தில் இருக்கிறவனுக்கு வயிற்றுவலி வந்தாலும் உப்புக் காற்றுத்தான் காரணம் என்று சொல்வார்கள் போலிருக்கிறது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். நான் உரம் போட்டேன், மூடை மூடையாகப் போட்டேன். அந்த மனுசனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

ஆனால் அவரை மட்டும் ஏசினால் நான் நேர்மையானவள் இல்லை. நான் செய்தது என்ன? உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உன் பிள்ளைகள் வாசிக்க வேண்டும் என்பதற்காக எழுதிவைக்கிறேன். நம்முடைய பகுதியில் மீனைப் பங்கு பிரிப்பது போலத்தான் செடியையும் பிரிப்போம். சொல்லும் அதேதான், பங்கு. ஒரு பிள்ளை கல்யாணம் முடித்துப் போனால் தாய் தன் சட்டியிலிருந்து இரண்டு தண்டு வெட்டி அவள் கையில் கொடுப்பாள். ஞானஸ்நானத்துக்கு ஒரு பங்கு, புது வீட்டுக்கு ஒரு பங்கு. என்னுடைய செடிதான் பெரிதென்று எல்லோரும் என்னிடம் வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வெட்டிய பிறகு கத்தியை உப்புத்தண்ணி வாளியில் முக்கினேன். பாலாவி உப்பளத்துக் கட்டி உப்பை வாளி நிறையக் கரைத்து வலை மூலையில் வைத்திருப்பேன். உப்புப் பட்டால் எந்தக் கிருமியும் நிற்காது என்பது நமக்குப் பால்குடிப் பருவத்திலிருந்து தெரிந்த விசயம். கருவாடு கெடுகிறதா? காயத்தை உப்புத்தண்ணியில் கழுவினால் ஆறவில்லையா? வேறு ஊர்க்காரி கத்தியைச் சும்மா துடைத்துவிட்டு வெட்டியிருப்பாள். நாம் சுத்தக்காரர்கள் அல்லவா, நாம் முக்கி முக்கி வெட்டினோம். அதே வாளியில் மாதக்கணக்காக. தண்ணியைக்கூட மாற்றவில்லை, உப்பு வீணாகும் என்று.

நீ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது லீவுக்கு வந்தாய். கொரோனா ஓய்ந்த காலம். பையிலிருந்து சின்னச் சின்னப் பட்டிகளை எடுத்தாய். நாங்கள் மூக்குக்குள் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரிப் பட்டி. இலையைக் கசக்கிச் சாறு எடுத்து, அதில் பட்டியை நிறுத்தினாய். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. அது எங்களுக்கும் பழக்கம்தானே. அன்று நீ சோதித்த செடிகளில் இரண்டுதான் ஒற்றைக் கோட்டில் நின்றன. நல்லாத்தான் இருக்கிறது என்று நான் பிடிவாதம் பிடித்த செடி, இலையில் ஒரு புள்ளிகூட இல்லாதது, அதிலும் இரண்டாவது கோடு வந்தது. "பாத்தாத் தெரியாதும்மா. அதுதான் இதில பெரிய ஆபத்து" என்றாய். பிறகு என் வாளியைப் பார்த்தாய். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பட்டியை வைத்தாய். மங்கலாக, ஆனால் இரண்டு கோடு. உன் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்: "வாளிக்கும் வந்திட்டு! தனிமைப்படுத்துங்கோ அதை!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த றோட்டில் எத்தனை வீட்டுச் செடிக்கு அந்த வாளியிலிருந்து நான் நோயைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

உப்பு இதைக் கொல்லாது, கத்தியை நெருப்பில் காட்ட வேண்டும், செடிக்குச் செடி காட்ட வேண்டும் என்று நீ சொன்னாய். நோய் பிடித்த செடிக்கு மருந்தே இல்லை, எரிப்பது ஒன்றுதான் வழி என்றும் சொன்னாய். நான் உன்னை எப்படி ஏசினேன்! "படிக்க அனுப்பினது வீட்டைக் கொளுத்தவா?" என்று கேட்டேன். அந்த வலைக்குள் நின்று அழுதாய். அழுதாலும் அசையவில்லை. வீடு வீடாகப் போய் நீயே சொன்னாய். சொன்ன வீடுகளில் ஏச்சு வாங்கினாய். ஒருத்தி, "உங்கட அம்மா தந்த பங்குதானே, அவவிட்டயே போய்ச் சொல்லு" என்று கதவைச் சாத்தினாள். இருபத்திரண்டு வயதில் அவ்வளவு துணிவாக நின்ற பிள்ளை, இன்று ஒரு தாளுக்கு முன்னால் குழைகிறாள். எனக்குக் கோபம் வராதா?

அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் அந்தக் கம்பனிக்குப் போனதையும் சொல்கிறேன், நீ அப்போது திரும்பிப் போயிருந்தாய். இரண்டு பஸ் மாறிப் போனோம். குளிரூட்டிய அறை, நல்ல கதிரை. அட்டையை மேசையில் வைத்தேன். ஒருத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கட அட்டைதான் அம்மா. ஆனா எங்கட இடத்தில நோய் இருக்கல்ல, உங்கட வீட்டிலதான் வந்திருக்கும். நிரூபிக்க ஏலுமா?" என்றார். வாளியை நினைத்தேன். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். யார் கண்டது? ஆனால் ஒன்று கேட்டேன்: "இந்தப் பச்சைக் கையெழுத்து யாருடையது? அவரக் கூப்பிடுங்க, உண்மையாச் சோதிச்சாரா எண்டு அவர்ட்டயே கேக்கிறன்." ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. வேலையை விட்டுப் போன யாரோ ஒருவராம். அந்தக் கையெழுத்தை ஐந்து வருடம் உன் ஞானஸ்நானச் சான்றிதழோடு வைத்திருந்தேன், ஜெனி. போட்டவருக்கு முகமில்லை, பெயரில்லை. அன்று பஸ்ஸில் வரும்போது அந்த மனுசனை, அல்லது மனுசியை, எவ்வளவு சபித்தேன் தெரியுமா? அவளும் உன்னைப் போல ஒரு பிள்ளையாக இருந்திருப்பாள். அவளுக்கும் ஏதாவது கல்யாணம் கிட்ட வந்திருக்கும்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

எல்லாவற்றையும் எரித்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்து உன்னைப் பஸ் ஏற்றினேன். அந்தக் கிழமையே பரீனா வந்தாள். கற்பிட்டி டவுனில் இருக்கிற பரீனாவை உனக்குத் தெரியும், சங்கக் கூட்டத்தில் எப்போதும் முன் வரிசையில் இருந்து எழுதுவாளே. அவளும் புதிதாக நிழல் வலை கட்டியிருந்தாள். நம்முடைய பெரிய சட்டிகள் அவளுக்கு வேண்டும் என்றாள். அந்தப் பருவத்தில் கொஞ்சம் பூ நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. செடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நோய் ஒண்டும் இல்லயே அக்கா? ஊருல என்னென்னமோ சொல்றாங்க" என்று கேட்டாள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என்ட மகள் வந்து எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிப் பாத்தவ."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நீ வந்தாய், பார்த்தாய். என்ன கண்டாய் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவள் முகம் மலர்ந்தது. "அப்ப பயமில்ல. ஜெனி படிச்ச புள்ள" என்றாள். உன் பெயரைச் சொல்லித்தான் வாங்கினாள். என் கையால் வளர்த்ததை நெருப்பில் போட மனம் வரவில்லை, அதனால் கொடுத்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மிச்சப் பாதி வெறும் ஆசை. அவள் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, மிச்சம் கிடந்ததைத்தான் கொளுத்தினேன். அடுத்த லீவில் நீ வந்தபோது சாம்பலைக் காட்டினேன். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "என்ட அம்மாவைப் போல ஆர் செய்வினம்" என்று கொஞ்சினாய். நானும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பரீனாவின் செடிகளில் அடுத்த வருடம் கோடு விழுந்தது. சங்கக் கூட்டத்தில் ஒருநாள் என் பக்கத்தில் இருந்து சொன்னாள்: "எனக்குக் கைராசி இல்ல அக்கா. உங்கட கையில நல்லா இருந்த செடி, என்ட கையில வந்து அழிஞ்சி போச்சி. நான் தொட்டா ஒண்டும் வாறல்ல." அவள் வீட்டில் மாமியாரும் அதைச் சொல்லிக் காட்டினாளாம். போன வருடம் வலையைக் கழற்றி வெங்காயம் காயப்போடக் கொடுத்துவிட்டாள். நான் அவள் தோளில் தட்டி, கவலைப்படாதே என்று சொன்னேன். தட்டிய கையை வெட்டி எறிய வேண்டும் போல இருந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன், அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கூட்டம் முடிந்து வந்து சோறு தின்றேன். வெட்கம் பிறகுதான் வந்தது. மெல்ல வந்தது, வந்த பிறகு போகவில்லை.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். இந்தக் கன்றுகள் எல்லாம் வளரும் நுனியிலிருந்து எடுத்தவை, நுனியில் வைரஸ் இருக்காது, அதனால் பயமில்லை என்று மனேஜர் சொன்னதாகச் சொன்னாய். யாரிடம் கதை விடுகிறார்? பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் உன் ஆய்வுகூடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாய். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மறைப்பு, காலுக்கு வேறு செருப்பு. நான் எரிப்பதற்கு முன் நீ கொண்டுபோய் வைத்திருந்த நம்முடைய பழைய செடியின் குருத்தை எடுத்து, ஓலை உரிப்பது போல ஒவ்வொரு இலையாக உரித்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு நுனியை வெட்டினாய். மணலில் ஒரு பருக்கை அளவு இருக்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை நெருப்பில் காட்டினாய். வைரஸ் செடி முழுவதும் ஓடினாலும் அந்த நுனி வேகமாக வளர்வதால் அங்கே போய்ச் சேரப் பிந்தும், அதற்குள் நாம் வெட்டிவிட வேண்டும் என்றாய். எனக்கு அழுகையே வந்தது. அழிந்துபோனது என்று நான் நினைத்த செடிக்குள் இவ்வளவு சின்னதாக ஒரு நல்ல இடம் மிஞ்சியிருந்ததே என்று. "அப்ப இது சுத்தமா மகள்?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "இல்லம்மா. சில நேரம் நுனிக்கும் போயிருக்கும். கொஞ்சம் கூட வெட்டினாலும் வந்திரும். அதாலதான் வளந்த பிறகு டெஸ்ட், பிறகும் ஒருக்கா டெஸ்ட். டெஸ்ட் பண்ணாட்டி இவ்வளவு செஞ்சும் ஒண்டும் செய்யாத மாதிரித்தான்."

இது நீ சொன்னது. உன் மனேஜர் சொன்னதல்ல, நான் சொன்னதல்ல. அன்று நீ வளர்த்த போத்தல்களை நீயே சோதித்து, முக்கால்வாசியில் இரண்டு கோடு கண்டு, அவற்றை அவித்துக் கொட்டினாய். பிறகு மிஞ்சியவற்றைத் திரும்பவும் சோதித்தாய், அதிலும் ஒன்று போனது. மிஞ்சிய போத்தலிலிருந்து வந்த கன்றுகள்தான் இன்று என் வலைக்குள் நிற்கின்றன. ஒரு கீறல் இல்லாத ஊதாப் பூவை இந்த வருடம்தான் பார்த்தேன். அவ்வளவு காலம் காத்திருந்தேன், ஜெனி. கன்று வாங்குகிறவர்களும் காத்திருப்பார்கள். பட்டி வருகிற கப்பலுக்குக் காத்திருக்க முடியாதென்றால், அது யாருடைய அவசரம்? உன் கம்பனியின் ஒரு கிழமை அவசரத்துக்கு, வாங்குகிறவள் ஐந்து வருடத்தைக் கொடுக்க வேண்டுமா? அவளுக்கும் என்னைப் போல ஒரு வாளி இருக்கும், ஒரு கத்தி இருக்கும், பங்கு கேட்டு வருகிற சொந்தக்காரர் இருப்பார்கள். நீ அனுப்புகிற ஒரு செடி ஒரு செடியாக நிற்காது.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். போகலாம். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அந்த மனேஜரை எனக்குத் தெரியாது. கல்யாண நேரத்தில் கரைச்சல் என்கிறாய். என்ன கரைச்சல்? கோயிலில் பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது உத்தியோக அட்டையைக் காட்டச் சொல்வார்களா? நிரோஷிடம் இதைச் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் இன்றே சொல். கட்டப் போகிறவன் முகத்தைக் கல்யாணத்துக்கு முன் இப்படி ஒரு விசயத்தில் பார்த்துவைப்பது நல்லது. எனக்கு உன் அப்பாவை அப்படிப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம், அதை அவருக்குச் சொல்லிவிடாதே, தலைகால் தெரியாமல் ஆடுவார். நிரோஷ் "போட்டுவிடு, பிறகு பார்ப்போம்" என்று சொன்னால், அதற்காக அவனை விட்டுவிடு என்று சொல்ல நான் பைத்தியக்காரி இல்லை. ஆனால் அவனோடு உட்கார்ந்து கதை. "பிறகு பார்ப்போம்" என்று நான் பரீனா விசயத்தில் நாலு வருடம் சொன்னேன். அந்தப் பிறகு தானாக வருவதில்லை.

அதனால் நேற்று நான் போனேன். உனக்குப் புத்தி சொல்லக் கடிதம் எழுதிக்கொண்டு, அவளிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. பூசை முடிந்த கையோடு கற்பிட்டி பஸ் ஏறினேன். இந்தக் கடிதத்தில் அதுவரை எழுதியிருந்ததைப் பையில் வைத்திருந்தேன். பரீனா, "வாங்க அக்கா, கல்யாணத்துக்குச் சொல்ல வந்தீங்களா?" என்று சந்தோசமாகக் கதிரை போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். குடிக்காமலே தாளை எடுத்து, அவளைப் பற்றி எழுதிய இடத்தை வாசித்தேன். வாசிக்கும்போது அவளைப் பார்க்கவில்லை. முடித்துத் தலையை நிமிர்த்தினேன். ஏசுவாள் என்று நினைத்தேன், ஏச்சுக்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

அவள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அப்ப என்ட கையில ஒரு பிழையும் இருக்கல்லயா அக்கா?"

"இல்ல பரீனா. உன்ட கையில ஒண்டும் இல்ல."

"மூணு வருஷம்" என்றாள். "மூணு வருஷம் நான் சொந்தக்காரப் புள்ளயள்ட கலியாணத்துக்குப் பூக் கட்டக்கூடப் போகல்ல. என்ட கை பட்டா ஆகாதுண்டு." பிறகு எழும்பி, நான் தொடாத தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. அவளுடைய மகள் வந்து, "உம்மா உங்களப் போகச் சொல்றா" என்றாள். நான் வந்துவிட்டேன். மன்னித்தாளா என்று கேட்காதே. மன்னிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் யாரோ ஒருவரின் பச்சைக் கையெழுத்தை நம்பினேன். பரீனா என் சொல்லை நம்பினாள். நாளைக்கு எங்கேயோ ஒருத்தி உன் பெயரை நம்புவாள், செடி செத்தால் தன் கையைத்தான் குற்றம் சொல்வாள். உன் வீடு தேடி வந்து உன்னைச் சபிக்கக்கூட அவளுக்குத் தெரியாது. எனக்கு அந்த மனேஜர் மேல் கோபம், அந்தப் பட்டியை நேரத்துக்கு வாங்கிவைக்காத உன் கம்பனி மேல் கோபம், இருபத்தாறு வயதுப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒளிகிற எல்லாப் பெரிய மனிதர் மேலும் கோபம். உன் மேல் இருப்பது கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதுவும் கோபம்தான். பயம் கலந்த கோபம்.

நீ என்ன செய்யட்டும் என்று கேட்டாய். இதுதான் பதில். அந்தத் தாளைக் கிழிக்காதே, சண்டை பிடிக்காதே, அழாதே. ஒரு பேனையை எடு. அச்சடித்திருக்கிற வரியின் மேல் ஒரு கோடு இழு. அதற்குக் கீழே உன் வடிவான எழுத்தில், எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி, "இன்னும் சோதிக்கப்படவில்லை" என்று எழுது. அது உண்மை. அதற்குக் கீழே உன் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வை.

அம்மா